ஐப்பசிக் கொல்லை

தமிழ்நாட்டின் வீட்டுக் கொல்லைகளுக்கு வலசைப் பறவைகள் வரத் தொடங்குவது புரட்டாசி, ஐப்பசி மாதங்களில். சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில் பறப்பதால் அவை வந்திறங்குவதை யாரும் பார்ப்பதில்லை. நேற்றுவரை இல்லாத குரலொன்று விடியலில் கேட்கும், அவ்வளவுதான்.

அவற்றில் எளிதில் பிடிபடும் குரல் ஆறுமணிக்குருவியுடையது. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் இந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்தபின் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த அடிவயிறு என்று இத்தனை நிறமிருந்தும் புதர் நிழலில் கண்ணுக்குத் தட்டுப்படாது. தரையில் தத்திச் சென்று சருகைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தின்னும். பயணக் களைப்பில் சில சமயம் வீட்டுக்குள்ளும் புகுந்துவிடும். காற்றுப் புகும் அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் சற்று நேரம் வைத்திருந்து வெளியே விட்டால் பெரும்பாலும் தெளிந்து பறந்துவிடும். வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

பிளைத் நாணல் கதிர்க்குருவியை அழகுக்காக யாரும் தேடமாட்டார்கள். மங்கிய பழுப்பு நிறம், பத்துப் பன்னிரண்டு கிராம் எடை. பின்லாந்து முதல் சைபீரியா வரையுள்ள நிலங்களிலிருந்து வந்து, செம்பருத்திப் புதருக்குள் ஒளிந்தபடி 'சக், சக்' என்று அதட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்குமுன் கேட்கப் பழகவேண்டிய பறவை இது.

கொடிக்கால் வாலாட்டி கிழக்காசியாவிலிருந்து வருகிறது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது பக்கவாட்டில் உடலையே அசைக்கும். வேலிக்கம்பியில் அமரும் பழுப்புக் கீச்சான் ஆண்டுதோறும் பழைய இடத்துக்கே திரும்பக்கூடியது.

இவை எல்லாம் பூச்சியுண்ணிகள். தானியம் இறைத்தால் புறாவும் காகமும்தான் வரும். நாள்தோறும் சருகு கூட்டி, மருந்தடித்துப் பளிச்சென்று வைத்திருக்கும் தோட்டத்தில் இவற்றுக்கு இரையில்லை. மூலையில் சருகும் நாலைந்து அடர்ந்த புதர்களும் விட்டுவைக்கும் சோம்பேறிக்கே அதிகப் பறவைகள் வாய்க்கும். பார்க்க ஏற்றது விடிந்து இரண்டு மணி நேரம். 8x42 இருநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. முதல் குரல் கேட்ட தேதியைக் குறித்துவைத்தால் அடுத்த ஆண்டு ஒப்பிடலாம்.

ஆறுமணிக்குருவி சித்திரை வாக்கில் வடக்கே கிளம்பும். நாணல் கதிர்க்குருவியில் சில அதற்குப் பிறகும் தங்கும். புறப்படுமுன் இங்கேயே பாடத் தொடங்கிவிடுவதும் உண்டு.