உங்களுக்குத் தெரியுமா? பழைய கம்ப்யூட்டருக்கு எமன் அதன் பேட்டரிதான்!

நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ் பரணில் கிடக்கும் 386, 486 ரக கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? தேதியும் நேரமும் மறக்காமல் இருக்க மதர்போர்டில் பற்றவைத்த சின்ன பேட்டரியை முதலில் பாருங்கள். கரண்ட் கொடுக்காமல் சும்மா கிடந்தாலும் அது கசிந்து போர்டை அரித்துவிடும்.

• 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி. பெரும்பாலும் நீல உறை. கசிவது காரம். செம்புத் தடத்தில் பச்சை பூத்திருந்தால் வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம். கீபோர்டு சிப் பெரும்பாலும் பக்கத்திலேயே இருப்பதால் அதுதான் முதலில் அடிவாங்கும்.

• பேட்டரியை வெட்டி எடுங்கள். பூத்த இடத்தில் வினிகர் தொட்டு டூத் பிரஷால் தேய்த்தால் காரம் முறியும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். கசியாத பேட்டரியையும் இன்றே கழற்றிவிடுவது நல்லது.

• ஸ்கிரீன் இருட்டாக இருந்தால் 'பீப்' ஒலியை எண்ணுங்கள். 1985இல் சுப்பிரமணியன் சங்கர் இன்னொருவருடன் சேர்ந்து அமெரிக்காவில் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸின் பயாஸில், 3 பீப் என்றால் முதல் 64 கே.பி. ரேமில் கோளாறு, 8 என்றால் டிஸ்ப்ளே கார்டு. ரேமின் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினாலே பல மெஷின்கள் எழுந்துவிடும்.