இன்ஜின் மேல் ஆயில் கசிகிறதா? டேப்பெட் கவரை வீட்டிலேயே கழற்றி சுத்தம் செய்வது எப்படி?

சிக்னலில் நிற்கும்போது கருகிய ஆயில் வாசனை வருகிறதா? பானெட்டைத் திறந்தால் இன்ஜினின் மேல் ஓரமெல்லாம் தூசியும் ஆயிலும் கலந்து பிசுபிசுன்னு இருக்கிறதா? 'இன்ஜின் வேலை' என்று பெரிய பில்லுக்குத் தலையாட்டும் முன் ஒரு பாகத்தைப் பாருங்கள்: வால்வ் கவர். மெக்கானிக்குகள் இதை டேப்பெட் கவர் என்பார்கள்.

இது என்ன வேலை செய்கிறது?

இன்ஜினின் உச்சியில் கேம்ஷாஃப்ட்டையும் வால்வுகளையும் மூடியிருக்கும் மூடி இது. உள்ளே தெறிக்கும் ஆயில் வெளியே வராமல் தடுப்பது மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட். வருடக்கணக்கில் சூடு பட்டு ரப்பர் இறுகிப் போனால் கசிவு தொடங்கும்.

கண்டுகொள்ளாமல் விட்டால்?

கசியும் ஆயில், பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழலாம். முதலில் வாசனையும் புகையும் வரும், மோசமானால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. ஸ்பார்க் பிளக் குழிக்குள் ஆயில் இறங்கினால் மிஸ்ஃபயர் ஆகி வண்டி உதறும்.

யார் இதில் இறங்கக் கூடாது?

வாரன்டியில் இருக்கும் கார், காமன் ரெயில் டீசல் இன்ஜின், கவருக்கு மேலேயே இன்டேக் மேனிஃபோல்ட் உட்கார்ந்திருக்கும் இன்ஜின்: மூன்றையும் ஒர்க்‌ஷாப்புக்கே விட்டுவிடுங்கள். சாதாரண 3 அல்லது 4 சிலிண்டர் பெட்ரோல் கார் என்றால் நிதானமாக முயலலாம்.

சரி, எப்படிக் கழற்றுவது?

இன்ஜின் முழுசா ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கவரைச் சுற்றியுள்ள தூசியை முதலிலேயே துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது உள்ளே விழும். இக்னிஷன் காயில், ஹோஸ் எல்லாம் எங்கே மாட்டியிருக்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் சட்டுனு உடையும், ஜாக்கிரதை.

பெரும்பாலான கார்களில் கவர் போல்ட்டுகளுக்கு 10 எம்எம் சாக்கெட் போதும். கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள். ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் லேசாகத் தட்டுங்கள். பரப்பில் விழும் ஒரு கீறல் போதும், புது கேஸ்கெட்டும் கசியும்.

கவரின் உட்புறத்தைக் கவனியுங்கள். இளம்பழுப்பு நிறக் கறை பெரும்பாலும் சாதாரணம். தார் மாதிரி கெட்டிக் கசடு இருந்தால் ஆயில் மாற்றுவது தள்ளிப்போயிருக்கலாம். வெண்மையான நுரை என்றால் உள்ளே தண்ணீர் சேர்கிறது. குறுகிய தூரப் பயணங்களால் வரலாம், கூலன்ட் கசிவாகவும் இருக்கலாம். கூலன்ட் அளவு குறைந்திருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

சுத்தம் செய்வது எப்படி?

திறந்திருக்கும் இன்ஜின் மேல் நூல் பிரியாத சுத்தமான துணியைப் போட்டு மூடுங்கள். அலுமினிய கவரை மண்ணெண்ணெய் அல்லது டிகிரீஸர், பழைய டூத்பிரஷ் கொண்டு தேய்க்கலாம். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் கவருக்கு வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் போதும். கழுவியதை மாட்டுவதற்கு முன் ஈரமே இல்லாமல் காய வையுங்கள்.

பல கார்களில் பிசிவி வால்வ் இந்தக் கவரில்தான் இருக்கும். அது அடைத்திருந்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் கூடி, ஆயிலை கேஸ்கெட் வழியாகத் தள்ளும். அதைச் சரிபார்க்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் மறுபடியும் கசியலாம்.

மூடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பலரும் தவறுவது இங்கேதான். பழைய கேஸ்கெட்டை மறுபடி போடாதீர்கள். பிளக் குழி சீல்களையும் சேர்த்து மாற்றுங்கள். சிலிக்கான் சீலன்ட் சுற்றிலும் பூச வேண்டியதில்லை. சர்வீஸ் மேனுவல் சொல்லும் இடங்களில், பொதுவாக டைமிங் கவரும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் மூலைகளில், ஒரு பொட்டு வைத்தால் போதும்.

போல்ட்டுகளை முதலில் கையால் திருகி, பிறகு நடுவிலிருந்து வெளிப்புறமாக இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்குங்கள். வீல் நட்டுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் தேவை என்றால், இந்தப் போல்ட்டுகளுக்கு பெரும்பாலும் 10-ஐ ஒட்டித்தான். அதாவது 25 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 4 கிலோ எடை தொங்கும் அளவு. கூடுதலாக இறுக்கினால் கவர் விரியும் அல்லது மரை போய்விடும். உங்கள் காருக்கான சரியான எண்ணை மேனுவலில் பார்த்து, டார்க் ரென்ச் பயன்படுத்துங்கள்.

கடைசியாக...

சீலன்ட் போட்டிருந்தால், டியூப்பில் சொல்லியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து 10 நிமிடம் ஓடவிட்டு ஓரங்களைப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

அழுக்கு மண்ணெண்ணெயையும் ஆயில் துணியையும் சாக்கடையில் போடாதீர்கள். 2016-ம் ஆண்டு விதிகளின்படி, பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவு. கேனில் அடைத்து, அதைச் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.