பாயின்ட்ஸ் இருந்தால் சொகுசு ஹோட்டல் ஃப்ரீயா? கணக்கு இதுதான்!

‘மாலத்தீவில் 5 நைட், ரூம் வாடகை ஜீரோ’ - இப்படி ரீல்ஸ் அடிக்கடி கண்ணில் படும். நிஜமாகவே முடியுமா? முடியும். ஆனால், சும்மா இல்லை.

ஹோட்டலில் தங்கினாலோ, அந்த பிராண்டின் கிரெடிட் கார்டில் செலவழித்தாலோ பாயின்ட்ஸ் சேரும். இது ஒருவகை கரன்சி. அதன் மதிப்பை முடிவு செய்வது ஹோட்டல் நிறுவனம்தான்.

உதாரணமாக, மேரியட்டின் ‘பான்வாய்’ திட்டம். எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயின்ட்ஸ் என்று முன்பு பட்டியல் இருந்தது. 2022 மார்ச்சில் அதைத் தூக்கிவிட்டார்கள். இப்போது தேதி, டிமாண்டைப் பொறுத்து மாறும். 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லையென்றால், மொத்தமும் காலி!

லாபமா, நஷ்டமா?

ரூம் வாடகையை பாயின்ட்ஸால் வகுத்துப் பாருங்கள். வரியோடு 30,000 ரூபாய் ரூமுக்கு 50,000 பாயின்ட்ஸ் கேட்டால், ஒரு பாயின்ட் 60 காசு. 75,000 கேட்டால் 40 காசுதான். அப்போது பணம் கட்டிவிட்டு, பாயின்ட்ஸை வேறு ட்ரிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

பான்வாயில் தொடர்ந்து 5 நைட் பாயின்ட்ஸில் புக் செய்தால், அதில் குறைந்த பாயின்ட்ஸ் உள்ள ஒரு நைட் இலவசம்.

ரீல்ஸில் சொல்லாதவை

மாலத்தீவு ரிசார்ட்டுக்குப் போக ஸ்பீட் போட், சீப்ளேன் கட்டணம் பெரும்பாலும் தனி. சில மேரியட் ஹோட்டல்களில் ‘ரிசார்ட் கட்டணமும்’ உண்டு. பாயின்ட்ஸில் தங்கினால் ஹில்டன், ஹயாத்தில் அது கிடையாது.

முக்கியமாக, பாயின்ட்ஸுக்காக கார்டைத் தேய்த்துவிட்டு பில்லை முழுசாகக் கட்டாமல் விட்டால், பல கார்டுகளில் மாதத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் வட்டி. ‘ஃப்ரீ’ ரூமின் விலையை அந்த வட்டியே தாண்டிவிடும். பாயின்ட்ஸுக்கு வட்டியும் வராது. அதனால், வருஷக்கணக்கில் சேர்த்து வைக்காமல், ட்ரிப் முடிவானதும் செலவழிப்பதே புத்திசாலித்தனம்.