விளக்கை மங்க வைத்துப் பதிந்த இசை

ராக் இசை என்றாலே இரைச்சல் என்று காதைப் பொத்திக்கொள்பவரா நீங்கள்? சற்றுப் பொறுங்கள். அதே கிட்டாரும் டிரம்மும் மெல்லத் தூறலாய்த் தொடங்கி, பெருமழையாய்க் கொட்டி ஓய்வதைக் கேட்டிருக்கிறீர்களா? அதுதான் ‘போஸ்ட் ராக்’. பெரும்பாலும் பாட்டே இருக்காது.

லண்டனில் ‘டாக் டாக்’ என்றொரு குழு. துள்ளல் பாட்டுகளால் ஐரோப்பாவெங்கும் பெயர் பெற்றவர்கள். அதையே தொடர்ந்திருந்தால் கவலையின்றிப் பிழைத்திருக்கலாம். பாடகர் மார்க் ஹாலிஸுக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்டூடியோ விளக்குகளை மங்கவைத்து, பலரை மாதக்கணக்கில் வாசிக்கச் சொல்லி, பதிவானதில் பெரும்பகுதியைக் கழித்துக்கட்டி, 1988இல் ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ இசைத்தட்டைக் கொடுத்தார். முந்தைய தட்டைப்போல் விற்கவில்லை. நிறுவனத்தோடு வழக்கு வேறு! 1991இல் இன்னொரு தட்டு; அதோடு குழு கலைந்தது.

அதே ஆண்டு அமெரிக்காவின் லூயிவில் நகரத்து ‘ஸ்லிண்ட்’ இளைஞர்களின் ‘ஸ்பைடர்லேண்ட்’ வந்தது. வருமுன்பே அவர்களும் பிரிந்துவிட்டார்கள், பாவம். 1994இல்தான் சைமன் ரெய்னால்ட்ஸ் என்ற விமர்சகர் இவ்வகை இசைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்.

ஐஸ்லாந்தின் ‘சிகுர் ரோஸ்’ பாடகரோ செல்லோ வில்லால் கிட்டாரை இழைக்கிறார். எந்த மொழியிலும் சேராத ஓசைகளைப் பாடுகிறார். பொருள் தேடவேண்டாம். பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கைப்பேசியில் எடுத்துத் தருவார்கள். முதல் ஐந்து நிமிடம் மட்டும் பொறுமை வேண்டும்.