கடலைச் சுவர் கட்டி நிறுத்த முடியுமா? பிச்சாவரம் சொல்லும் பாடம்!

விடியற்காலையில் ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கண்ணில் மிச்சத் தூக்கம் என்று ஷிப்ட்டுக்குப் போகிற இளைஞர்களில் பலருக்குச் சொந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர் இல்லை. கடலூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகளும் இவர்களில் உண்டு. இங்கே வாடகை அறை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீடு கட்டுவது ஊரில். 'வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு' என்று செய்தி வந்தால் இவர்களின் முதல் போன் அம்மாவுக்குத்தான்: "தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?"

அந்தக் கவலைக்குக் காரணம் இருக்கிறது. 1901-லிருந்து 2018-க்குள் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஒரு சாண் அளவுதானே என்று தோன்றலாம். ஆனால், தாழ்வான கரையில் அந்த ஒரு சாண், புயல் அலையை ஊருக்குள் வெகுதூரம் கொண்டு வந்துவிடும்.

சுவர் கட்டினால் போதாதா?

கல்லைக் கொட்டித் தடுக்கலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. சில இடங்களில் வேறு வழியும் இல்லை. ஆனால், நம் கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. ஆண்டு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால், அலையோடு தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. நடுவில் ஒரு தடுப்பு வைத்தால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை அரிக்கும்.

சென்னையிலேயே இதைப் பார்க்கலாம். துறைமுகம் கட்டியபின் அதன் தெற்கே மணல் சேர்ந்துதான் மெரினா இவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் பக்கம் வரை கடல் கரையைத் தின்றது. ஓர் ஊரைக் காக்கிற கல் அடுத்த ஊருக்குப் பகையாவது இப்படித்தான்.

பழி விழுந்தது ஏழைகள் மேல்

இயற்கையையே காவலுக்கு வைக்கும் வழியைப் பார்க்க, சிதம்பரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் பிச்சாவரத்துக்குப் போக வேண்டும். சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை என்று உப்புநீரில் வாழும் மரங்களின் காடு அது. சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்று பெயர் வந்ததே இந்த மரத்தால்தான்.

அந்தக் காடு ஒரு காலத்தில் பல இடங்களில் அழிந்து, வெறும் உப்புத் தரையாகக் கிடந்தது. ஆடுமாடு மேய்க்கிறவர்களும் விறகு பொறுக்குகிறவர்களும்தான் காரணம் என்று சுற்றுவட்டார மக்கள் மேல் பழி விழுந்தது.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வு வேறு கதையைச் சொன்னது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொத்தமாக வெட்டியிருந்தார்கள். நிழல் போன சேற்று நிலம் வெயிலில் காய்ந்து, சுருங்கி, தொட்டி போலத் தாழ்ந்துவிட்டது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி ஆவியானது. உப்பு ஏறிக்கொண்டே போனது. விழுந்த விதை முளைக்கவே இல்லை.

மீன்முள் வாய்க்கால்

நோய் தெரிந்ததும் மருந்தும் கிடைத்தது. நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகச் சின்னச் சின்னக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலவே இருக்கும். ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியே போகும். வாய்க்கால் ஓரங்களில் கன்றுகளை நட்டார்கள்.

இந்த வேலையை வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் கிராமங்களோடு சேர்ந்து செய்தன. வாய்க்காலில் ஓயாமல் சேறு படியும். தூர் வாராவிட்டால் மறுபடி பழைய கதைதான். பக்கத்திலேயே இருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டால்தான் காடு நிற்கும். பழி சுமந்தவர்களே காவலர்களானார்கள். காடு திரும்பினால் அவர்களுக்கும் லாபம்தான். சுரபுன்னை வேர்களுக்கு இடையில்தானே இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன!

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியான கட்டுரை, மரங்களுக்குப் பின்னால் இருந்த பகுதிகளில் சேதம் குறைவு என்றது. தரையின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும்கூடக் காரணம் என்று வேறு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அதுவும் நியாயம்தான். காடு மந்திரக் கவசம் அல்ல. அலையின் வேகத்தைக் குறைக்கிற வேலி. 2022-ல் பிச்சாவரம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த 'ராம்சர்' ஈரநிலமானது.

எல்லாக் கரைக்கும் ஒரே மரமா?

வேதாரண்யம் பக்கத்து நாலுவேதபதி கிராமத்தில் 2002-ல் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகளை நட்டு கின்னஸ் சாதனை படைத்தார்கள். இரண்டே வருடத்தில் வந்த சுனாமியின்போது அந்த மரங்கள் அலைக்குக் குறுக்கே நின்றன.

அதற்காக எல்லா இடத்திலும் சவுக்கு நட்டுவிட்டால் சரியாகிவிடாது. அலையாத்திக்குச் சேறு வேண்டும். மணல் கரையில் மணல்மேடுதான் அரண். அதைப் பிடித்து வைப்பவை ராவணன் மீசைப் புல்லும் அடம்புக் கொடியும். 'வெறும் புதர்தானே' என்று அவற்றை வாரியெறிந்து மேட்டைச் சமன்செய்கிற இடத்தில், அடுத்த புயலுக்கு வாசல் திறந்தாயிற்று என்று அர்த்தம்.

ஏரிக்கரையிலும் இதே பாடம்

கடலே தெரியாத ஸ்ரீபெரும்புதூருக்கும் இதில் பங்கு உண்டு. இந்த ஊர் ஏரியின் உபரிநீர் செம்பரம்பாக்கம் போய், அங்கிருந்து அடையாறு வழியாகத்தான் கடலில் கலக்கிறது. கடல்மட்டம் உயர உயர, முகத்துவாரத்தில் வெள்ளம் வடிவது தாமதமாகும். அப்போது மேலே ஏரிகளில் தேக்கி வைக்கிற ஒவ்வொரு நாளும் கீழே இருப்பவர்களுக்குக் கிடைக்கிற அவகாசம். ஏரியைத் தூர்த்து, போக்குக் கால்வாயை மறித்துக் கட்டினால் அந்த அவகாசமும் போய்விடும். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் இருந்தவர்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பிச்சாவரத்தில் முதலில் வெட்டியது வாய்க்கால். அதன் பிறகுதான் கன்று. பொங்கலுக்கு ஊருக்குப் போகிற ஒரகடத்துத் தம்பி, தங்கைகளே! புது வீட்டுக்கு அஸ்திவாரம் போடும் முன், ஊர்ப் பெரியவர் ஒருவரோடு கரைப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். மணல்மேடு எங்கே இருந்தது, தண்ணீர் எந்த வழியாக வந்து போனது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த வழியை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள்.