முதலைக் குழல்மீன்
சிங்னாதாய்டிஸ் பையாகுலியேட்டஸ்

பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா உட்பட இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் ஆழமற்ற கடற்புல் வெளிகளில் வாழும் மீன் இது. கடற்குதிரையின் உறவினம். 1785-இல் ஜெர்மானிய அறிஞர் பிளாக் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். ஏறத்தாழ 29 செ.மீ. வரை வளரும்.

உடலில் செதில்கள் இல்லை. எலும்பு வளையங்களே கவசம். வால் துடுப்பும் இல்லை. வால் நுனியைப் புல் இதழில் சுற்றிக்கொண்டு, அலையோடு புல் அசையும்போது தானும் அசைந்து நிற்கும். பச்சை, பழுப்பு நிறங்களும் கூடிக்கொள்வதால் கண்ணெதிரே இருந்தாலும் தென்படுவது அரிது. பொறுமையாகத் தேடுங்கள்; முதலில் அதன் கண் தெரியும்.

வாயில் பல் கிடையாது, உடலில் இரைப்பையும் கிடையாது. சிறு இறால் போன்ற உயிர்கள் அருகே வந்ததும் குழல் வாயால் சட்டென உறிஞ்சி விழுங்கும்.

முட்டைகளைச் சுமப்பது ஆண். பெண் இடும் முட்டைகள் ஆணின் வயிற்றின் அடிப்புறத் தோலில் வரிசையாக ஒட்டிக்கொள்ளும். ஆண் கடற்குதிரைக்கு உள்ளது போன்ற மூடிய பை இதற்கு இல்லை. ஆகவே முட்டைகளை வெளியிலிருந்தே காணலாம். குஞ்சு பொரிக்கும்வரை தந்தை அவற்றைச் சுமந்தே திரியும்.

மருந்துச் சரக்காக உலர்த்தி விற்கப் பிடிக்கப்படுவதும், கடற்புல் அழிவதும் இதற்குப் பேராபத்து. இந்தியாவில் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைக் காக்கிறது. வலையில் சிக்கினால் உயிருடன் கடலில் விட வேண்டும்.