கேட்காமல் கட்டிய ஊர்

மண் கட்டடம் என்று பேச்செடுத்தால் உலகம் முழுக்கக் கட்டடக்கலைஞர்கள் சொல்லும் பெயர் ஹசன் ஃபாத்தி. அவரைப் புகழ்பவர்களில் பலர், அவர் கட்டிய ஊருக்குக் குடிபோக மறுத்தவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கு அந்த மறுப்புதான் முக்கியமாகப் படுகிறது.

எகிப்தில் லக்ஸருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் இருந்தது பழைய குர்னா. பண்டைய பிரபுக்களின் கல்லறைகளுக்கு மேலேயே வீடு கட்டி வாழ்ந்தார்கள், சுமார் 7,000 பேர். அகழாய்வுக் கூலி, சுற்றுலாப் பயணிகளிடம் வியாபாரம், சமயத்தில் கல்லறைத் திருட்டு என்று பிழைப்பெல்லாம் அந்தக் குன்றில்தான். 1940-களில் கல்லறைச் சிற்பம் ஒன்று பெயர்த்தெடுக்கப்பட, அரசு ஊரையே கீழே சமவெளிக்கு மாற்ற முடிவெடுத்தது. புதிய ஊரைக் கட்டும் வேலை ஃபாத்தியிடம் வந்தது.

உலகப் போரால் இரும்புக்கும் மரத்துக்கும் தட்டுப்பாடு. மரமில்லாமல் கூரை போடும் வித்தை அஸ்வான் பக்கத்து நூபியக் கொத்தனார்களிடம் இருந்ததை ஃபாத்தி முன்பே கண்டிருந்தார். பின்சுவரில் கையாலேயே மண்ணைப் பூசி வளைவை வரைவார்கள். வைக்கோல் கூடுதலாகக் கலந்த, சுடாத மெல்லிய மண்கற்களை அதன்மேல் சாய்வாக ஒட்டுவார்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் சாய்ந்து நிற்பதால், கட்டும்போது தாங்கிப்பிடிக்கும் சென்ட்ரிங்கே தேவையில்லை. கையில் ஒரு வாய்ச்சி இருந்தால் போதும். இது நிற்குமா என்று கேட்பவர்களுக்குப் பதில் பக்கத்திலேயே இருந்தது: ராமசேயம் கோயிலின் மண்கல் களஞ்சிய வளைவுகள், 3,200 ஆண்டுகள் பழையவை.

1945-இல் வேலை தொடங்கியது. மசூதி, சந்தை, அரங்கு, குவிமாட வீடுகள், நிழல் விழும் முற்றங்கள். இன்றைய பசுமைச் சான்றிதழ்கள் கேட்பதில் பெரும்பகுதி அங்கே இருந்தது. அழகும் இருந்தது, புகைப்படங்களைப் பார்த்தாலே தெரியும். ஆனால் ஊர்க்காரர்கள் வரவில்லை. சில ஆண்டுகளில் வேலை பாதியில் நின்றது.

குவிமாடம் அவர்களுக்குச் சமாதியை நினைவூட்டியது என்று ஒரு விளக்கம் உண்டு. அதிகாரிகளின் முட்டுக்கட்டைகளை ஃபாத்தியே பின்னாளில் தன் நூலில் பக்கம் பக்கமாக எழுதினார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் குன்றை விட்டால் சோறு எங்கே என்ற கேள்விக்கு எந்தக் கூரையும் பதில் சொல்லாது. குடும்பத்துக்குக் குடும்பம் வீடு வேறாக இருக்க வேண்டும் என்று நினைத்த மனிதர் அவர். அந்த அக்கறை பொய்யில்லை. இடம்பெயர்வதா வேண்டாமா என்பது மட்டும் யாரிடமும் கேட்கப்படவில்லை. அதைக் கேட்காத அரசிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு மக்கள் கட்டடக்கலை செய்ய முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன்.

மண்ணின் மேல் குற்றமில்லை. அதே நூபிய முறையை வளர்த்தெடுத்து நம் ஆரோவில்லில் சென்ட்ரிங் இல்லாத வளைவுகளைக் கட்டிக்காட்டியிருக்கிறார்கள். அங்கே குடியிருப்பவர்கள் விரும்பி வந்தவர்கள்.

புதிய குர்னாவில் பிறகு குடியேறிய குடும்பங்கள் பெருகின. மாடி எடுக்க வேண்டி, பல வீடுகளை இடித்துக் கான்கிரீட்டில் கட்டிக்கொண்டார்கள். எஞ்சியதைக் காப்பாற்ற யுனெஸ்கோ வந்தது. பழைய குர்னாவை அரசு 2000-களில் புல்டோசர் வைத்துத் தரைமட்டமாக்கியது. அந்த மக்களுக்குக் கொடுத்த மாற்று வீடுகளைக் கட்ட எந்த ஃபாத்தியையும் அழைக்கவில்லை.